பழைய டகோட்டாவின் அலுமினிய உடம்புக்கு மறுபடி பளபளப்பு: எங்கிருந்து தொடங்குவது?

தகரக்குருவி (கேள்வி)

வணக்கம். எங்கள் தன்னார்வக் குழுவின் பொறுப்பில் ஒரு சி-47 இருக்கிறது. டிசி-3 பயணிகள் விமானத்தின் ராணுவ வடிவம், டகோட்டா என்றால் எல்லோருக்கும் தெரியும். இனி பறக்கப்போவதில்லை, காட்சிக்கு மட்டும்தான். பல வருடம் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நின்றதில் உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கிறது. மூக்குப் பக்கம் பழைய பெயின்ட் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது உரிந்த இடத்தில் மஞ்சள் கலந்த பச்சையில் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, தெரிகிறது. சரக்குக் கதவுக்குப் பின்னால் இருக்கும் தகடுகள்தான் மோசம். தடவினால் வெள்ளைப் பொடி கையில் ஒட்டுகிறது, துடைத்துவிட்டுப் பார்த்தால் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள்.

குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வேண்டும், கார் பாலிஷ் மெஷினும் உப்புத்தாளும் கொண்டுவந்து நாளைக்கே ஆரம்பித்துவிடத் தயார். இன்னொரு கட்சி, சோப்புத் தண்ணீரில் கழுவி மெழுகு தடவினால் போதும், அதற்கு மேல் கை வைக்காதே என்கிறது. நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: என்ன பேஸ்ட், என்ன மெஷின், எந்த வரிசை? குழி விழுந்த தகடுகளை என்ன செய்வது? பளபளப்பு வந்த பிறகு மேலே கிளியர் லாக்கர் (நிறமில்லாத பூச்சு) அடித்துவிட்டால் அப்புறம் கவலை இல்லைதானே?

ரிவெட்_ரசிகன்

முதல் காரியம், உப்புத்தாளைப் பிடுங்கி எங்கேயாவது பூட்டி வையுங்கள்.

உங்கள் டகோட்டாவின் மேல்தோல் வெறும் அலுமினியம் இல்லை. உள்ளே இருப்பது செம்பு கலந்த கலவை. 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் கண்டுபிடித்த டியூராலுமினின் வழியில் வந்தது. அந்தக் காலத்தில் 24எஸ்டி என்றார்கள், இன்றைக்கு 2024. அதில் சுமார் நாலரை சதவீதம் செம்பு, பலம் அதிலிருந்துதான் வருகிறது, அரிப்பும் அதனால்தான் வருகிறது. அதனால் 1920-களின் பிற்பகுதியில் அல்கோவா நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது: பலமான கலவையின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சுத்தமான அலுமினியத்தை வைத்து உருளைகளுக்கு இடையே சேர்த்து அழுத்தி ஒரே தகடாக்கிவிடுவது. அதுதான் ஆல்கிளாட். வெளியே இருக்கும் அந்தச் சுத்தமான அடுக்கு உள்ளே இருப்பதற்காகத் தானே அரிபட்டுக் காப்பாற்றும்.

இப்போது கணக்குப் பாருங்கள். மெல்லிய தகடுகளில் அந்த அடுக்கு ஒரு பக்கத்துக்கு மொத்தத் தடிமனில் சுமார் 5 சதவீதம். 0.8 மில்லிமீட்டர் தகடு என்றால் 0.04 மில்லிமீட்டர். தலைமுடியை விட மெல்லியது. நீங்கள் பாலிஷ் போடும்போது துணி கறுப்பாகிறதே, அது அழுக்கு மட்டும் இல்லை, அந்த அடுக்கும் சேர்ந்துதான் வருகிறது. பளபளப்பு என்பது எப்போதும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் கிடைக்கும். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை தடவை எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். காஸ்டிக் சோடாவை 10 சதவீதக் கரைசலாக்கி, கண்ணில் படாத ஒரு மூலையில், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த இடத்தில் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் நுரை கட்டும். கழுவிப் பார்த்தால் அந்த இடம் வெள்ளையாகவே இருந்தால் மேலடுக்கு இன்னும் இருக்கிறது. கறுத்துவிட்டால் செம்பு வெளியே வந்துவிட்டது, அதாவது நீங்கள் பார்ப்பது உள்கலவை. கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். சோதித்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளே இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. தகட்டுக்கு ஓர் இடம் என்று பார்த்து ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடம் வந்தால் உங்கள் இரண்டு கட்சிச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

இன்னொன்று, ஸ்டீல் உல் பக்கமே போகாதீர்கள். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து ஈரம் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு குழிக்கு விதை ஆகும்.

சுழல்தலை

ரிவெட்_ரசிகன் சொன்னது சரி, ஆனால் அதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். அரிப்பை அப்படியே விட்டாலும் அடுக்கு போகத்தான் போகிறது.

வேலை எப்படி என்றால்: முதலில் கழுவுதல். காரம் அதிகமான சோப்பு வேண்டாம், சாதாரண மென்மையான சோப்பு போதும். டகோட்டாவில் இரண்டு ட்வின் வாஸ்ப் எஞ்சின்கள், ஆரவடிவ எஞ்சின் என்றாலே எண்ணெய் கக்கும், அந்தக் கறை இறக்கையின் அடிப்பாகம் முழுக்க வழிந்து காய்ந்திருக்கும். அதற்கு மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணி. இதை ஒழுங்காகச் செய்யாமல் பாலிஷ் போட்டால் பேட் அந்த மண்ணையும் பிசுக்கையும் இழுத்துக்கொண்டு ஓடி வட்டவட்டமாகக் கீறிவிடும், அப்புறம் அந்தக் கீறலை எடுக்க இன்னும் கொஞ்சம் உலோகம் போகும்.

பேஸ்ட்டைப் பொறுத்தவரை, பழைய விமானக்காரர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது நூவைட். அதில் பல தரம் உண்டு. ரொம்ப மங்கிய இடத்துக்கு எஃப்7, நடுவில் சி, கடைசிப் பளபளப்புக்கு எஸ். கார் பாலிஷ் பேஸ்ட் பெயின்ட்டுக்காகச் செய்தது, வெறும் அலுமினியத்துக்கு அது சரிவராது. மெஷினும் இரண்டு வகை வேண்டும். எஃப்7-க்கு கம்பளி பேட் மாட்டிய சுழலும் பஃபர், வேகத்தைக் குறைத்து. சி, எஸ் இரண்டுக்கும் சைக்ளோ மாதிரி இரட்டைத் தலை மெஷின், பேடுக்கு மேல் சுத்தமான பருத்தித் துணி. பஃபர் வேகமாக வெட்டும், ஆனால் போன வழியெல்லாம் வளையம் வளையமாகத் தடம் விடும். சைக்ளோவின் இரண்டு தலைகளும் ஒன்றின் தடத்தை இன்னொன்று அழித்துக்கொண்டே போகும். பஃபரோடு நிறுத்தியவர்களின் விமானத்தை நிழலில் பார்த்தால் பிரமாதமாக இருக்கும், வெயிலில் நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பேஸ்ட்டை அள்ளிப் பூசாதீர்கள். ஒரு சாண் இடைவெளியில் விரல்நுனியால் சின்னச் சின்னப் பொட்டு, அவ்வளவுதான். இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம் எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முதலில் எல்லாம் கறுப்பாகக் குழம்பும், பேஸ்ட் தீரத் தீர அந்தக் கறுப்பு தானாக விலகி உள்ளேயிருந்து பளபளப்பு எழும். அந்த நேரத்தில் மெஷினை நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டினால் தகடுதான் சூடாகும், பளபளப்பு கூடாது. மிச்சம் இருக்கும் கறுப்புப் படலத்தைச் சோள மாவு தூவித் துடைத்தால் நன்றாக வரும். வெயிலில் சூடேறிய தகட்டில் பேஸ்ட் உடனே காய்ந்துவிடும், அதனால் நிழல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நீங்களும் போங்கள்.

ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) வரிசையில் மெஷின் குறுக்கே போகக்கூடாது, வரிசையோடு போக வேண்டும். தலைகளின் மேல் அழுத்திப் போனால் ரிவெட்டின் ஓரம் தேய்ந்து, சுற்றியிருக்கும் தகடு மட்டும் பாலிஷ் ஆகாமல் ஒவ்வொரு ரிவெட்டையும் சுற்றிக் கறுப்பு வளையம் நிற்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். சலிப்பான வேலை, அதற்கு மாற்று கிடையாது. ரிவெட் தகட்டின் நிறத்துக்கு வரவில்லையே என்று அதையே தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது வேறு கலவை, மேலடுக்கு இல்லாதது, கொஞ்சம் வேறு நிறத்தில்தான் இருக்கும்.

எஃப்7-ஐ எல்லா இடத்திலும் போட வேண்டியதில்லை. ஒரு சின்ன இடத்தில் முதலில் எஸ், போதவில்லை என்றால் சி, அதற்கும் அசையவில்லை என்றால்தான் எஃப்7. மென்மையானதில் ஆரம்பித்துத் தேவைப்பட்டால் மட்டும் கடுமைக்குப் போங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கிடங்குப்பூனை

எல்லோரும் எப்படி என்று சொல்கிறீர்கள். எந்த வருடத்து விமானமாகக் காட்டப்போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே?

1944 ஜூன் 6 நார்மண்டிக்குப் பாராசூட் வீரர்களை ஏற்றிப்போன சி-47-கள் மேலே ஆலிவ் பச்சை, கீழே சாம்பல், இறக்கையிலும் உடம்பிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை. அங்கே பளபளப்புக்கு இடமே இல்லை. போருக்குப் பிந்தைய காலத்து டகோட்டா என்றால் வெறும் உலோகம் பொருந்தும், ஆனால் அதுவும் கண்ணாடி இல்லை. ஆலையிலிருந்து வந்த தகட்டின் மங்கலான வெள்ளி நிறம், அதன்மேல் புகைக்கறை, எண்ணெய்க்கறை, படைவீரர்களின் பூட்ஸ் தேய்த்த தடம். இன்றைக்கு விமானக் கண்காட்சிகளில் முகம் தெரிகிற மாதிரி மின்னுபவை பெரும்பாலும் இந்தக் காலத்து உரிமையாளர்களின் ஆசை. பி-51 மஸ்டாங் போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆலையில் அதன் இறக்கைக்குப் புட்டி வைத்து ரிவெட்டையெல்லாம் மறைத்து, தேய்த்து, வெள்ளி நிற லாக்கர் அடித்தார்கள், காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காக. வெறும் உலோகமாக விட்டது உடம்பை மட்டும்தான். இப்போது இறக்கையையும் சேர்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகுதான், ஆனால் அது 1944 இல்லை.

உங்களுடைய விமானத்தில் மூக்குப் பக்கம் பழைய பெயின்ட் இருக்கிறது என்றீர்கள். அதைச் சுரண்டுவதற்கு முன் சாய்வாக விளக்கு வைத்துப் படம் எடுங்கள். மேல் பூச்சுக்கு அடியில் பழைய எண், படைப்பிரிவுக் குறி, எரிபொருள் மூடிக்குப் பக்கத்தில் ஸ்டென்சில் எழுத்து, இப்படி ஏதாவது இருந்தால் அதுதான் அந்த விமானத்தின் சொத்து. பளபளப்பை அடுத்த வருடம்கூடக் கொண்டுவரலாம், அந்த எழுத்து போனால் போனதுதான். உள்பக்கம் தகட்டில் ஆல்கிளாட் என்று ஆலை முத்திரை இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் அந்த மஞ்சள் பச்சைப் பிரைமர். அது பெரும்பாலும் ஜிங்க் குரோமேட். அதில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் வரவழைக்கும் வகை. காய்ந்த நிலையில் தேய்த்துத் தூளைக் கிளப்பவே கூடாது. சாதாரணத் துணி முகமூடி இதற்குப் போதாது.

தகரக்குருவி

எல்லோருக்கும் நன்றி. காஸ்டிக் சோதனை செய்து பார்த்தோம். உடம்பின் பெரும்பகுதியில் வெள்ளையாகவே இருந்தது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தகடுகளும் இடது இறக்கை வேருக்குப் பக்கத்தில் நடமாடும் இடமும் கறுத்துவிட்டன. அங்கே மட்டும் மேலடுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் அந்தத் தகடுகளை அப்படியே விடுவதா, பெயின்ட் அடிப்பதா? லாக்கர் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கூடவே, வாலில் இருக்கும் சுக்கானையும் பாலிஷ் போட முடியுமா என்று ஒருவர் கேட்கிறார், அது வெள்ளி நிறத்தில்தான் இருக்கிறது.

ரிவெட்_ரசிகன்

கறுத்த தகடுகளில் மெஷின் வேண்டாம். உள்கலவை வெளியே தெரிகிற இடத்தைப் பளபளப்பாக்கினால் ஆரம்பத்தில் மின்னும், ஈரக்காற்று பட்டதும் மற்ற இடங்களைவிட வேகமாக மங்கும், குழியும் சீக்கிரம் விழும். அங்கே கையால் வெள்ளைப் பொடியை எடுத்துவிட்டு, குழியின் அடிவரைக்கும் சுத்தமாக்கி, குரோமேட் மாற்றுப்பூச்சு (உலோகத்தின் மேற்பரப்பையே ரசாயனத்தால் மாற்றிக் காக்கும் படலம்) கொடுத்து, பிரைமர் போட்டு, வெள்ளி நிற பெயின்ட் அடிப்பதுதான் முறை. அலோடைன் என்று கேட்டிருப்பீர்கள், அந்த வகைப் பூச்சு. பழைய வகை அலோடைனில் குரோமியம் இருக்கிறது, கிடங்குப்பூனை பிரைமருக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். தகட்டின் ஓரத்திலோ ரிவெட்டைச் சுற்றியோ தகடு ஏடு ஏடாகப் பிரிந்து உப்பியிருந்தால் அது வேறு வியாதி, உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அதற்குப் பாலிஷும் பெயின்ட்டும் மருந்தில்லை, தகட்டை மாற்ற வேண்டியதுதான்.

சுக்கானைத் தொடவே தொடாதீர்கள். டகோட்டாவின் சுக்கான், எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பகுதி), ஏலெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) மூன்றும் உலோகச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. அதில் வெள்ளி நிறம் வருவது துணியை இறுக்கப் பூசும் டோப் என்ற பூச்சில் கலந்த அலுமினியப் பொடியால். பஃபர் பட்டால் துணி கிழிந்து சட்டம் தெரியும்.

சுழல்தலை

லாக்கர் பற்றி: வெளியில் நிற்கும் விமானம் என்றால் வேண்டாம். பாலிஷ் போட்ட வழவழப்பான உலோகத்தில் அது சரியாகப் பிடிக்காது. எங்கேயாவது ஒரு ரிவெட் ஓரத்திலோ கீறலிலோ ஈரம் உள்ளே போகும், அங்கிருந்து நூல் நூலாக, புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு லாக்கருக்கு அடியிலேயே ஓடும். துடைக்கவும் முடியாது, பாலிஷ் போடவும் முடியாது, முதலில் லாக்கரை முழுக்க உரிக்க வேண்டும். வெயிலில் மஞ்சளாகவும் ஆகும். கூரைக்கு உள்ளே வைக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு.

கிடங்குப்பூனை

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பறக்காத விமானம், ஆள் பலம் குறைவு, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மறுபடி மெஷின் எடுக்கத்தான் போகிறார்கள் என்றால், ஒவ்வொரு தடவையும் அடுக்கைத் தேய்ப்பதைவிட ஒரு பூச்சு மேல். நல்ல பூச்சாக, தேவைப்பட்டால் கரைத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லாக்கரும் வேண்டாம் என்றால் குறைந்தபட்சம் மெழுகு, பறவை எச்சத்தை அன்றன்றைக்குத் துடைக்க ஒரு ஆள்.

சுழல்தலை

சரி, கரைத்து எடுக்கக்கூடியது என்றால் ஒத்துக்கொள்கிறேன். நடைமுறையில் பார்த்தால் கையில் கிடைத்த டப்பாவைத்தான் அடிக்கிறார்கள், அதைத்தான் சொன்னேன்.

பழைய_ஹேங்கர்

தாமதமாக வருகிறேன். ஒரு விஷயத்தை யாரும் எழுதவில்லை: மூடி மறைப்பது.

பாலிஷ் தொடங்குமுன் பிடோட் குழாய், ஸ்டாட்டிக் துவாரங்கள் (வேகத்தையும் உயரத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் போகும் வழிகள்), ஜன்னல் அக்ரிலிக், இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை இருந்தால் அது, எல்லாவற்றையும் மூட வேண்டும். பெயின்ட் உரிக்கும் ரசாயனமோ கரைப்பானோ அக்ரிலிக்கில் பட்டால் வலை பின்னியதுபோல் விரிசல் விடும். மூடுவதற்குக் கண்ணைப் பறிக்கிற நிறத்தில், சிவப்போ ஆரஞ்சோ, டேப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரு நாடா தொங்கவிடுங்கள், எத்தனை இடத்தில் ஒட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள். 1996 அக்டோபர் 2-ஆம் தேதி ஏரோபெரு 603, போயிங் 757, லிமாவிலிருந்து கிளம்பிக் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். விமானத்தைச் சுத்தம் செய்தபோது ஸ்டாட்டிக் துவாரங்களை மூடி ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். பளபளக்கும் வெறும் உலோகத்தின் மேல் வெள்ளி நிற டேப், இரவு நேரம், யார் கண்ணிலும் படவில்லை. உயரமும் வேகமும் தாறுமாறாகக் காட்ட, விமானிகளுக்கு எதை நம்புவதென்றே தெரியாமல் போயிற்று. உங்களுடையது பறக்காதுதான், இருந்தாலும் நாளைக்கு யாராவது பறக்கும் விமானத்தில் உதவி செய்யப் போவார்கள், பழக்கம் இங்கேயே வரட்டும்.

அடிவயிற்றில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளையும் பாருங்கள். கறுப்புப் பேஸ்ட் அங்கே போய் அடைத்துக்கொள்ளும், மழைத்தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே மின்னிக்கொண்டிருப்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலும் மெல்லிய மரக்குச்சி விட்டுப் பாருங்கள். தகடு மடிப்புகளில் பிதுங்கிக் காய்ந்த பேஸ்ட்டை, மினரல் ஸ்பிரிட் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அன்றைக்கே எடுங்கள், விட்டால் வெள்ளைக் கோடாக நிற்கும்.

மூடித் தகடுகளில் எஃகு ஸ்க்ரூக்கள் இருக்கும், அவற்றில் காட்மியம் பூச்சு. அதன் தூள் விஷம், பூச்சு போய்விட்டால் எஃகு துருப்பிடித்துப் பக்கத்து அலுமினியத்தையும் கெடுக்கும். கழற்றிவிட்டுப் பாலிஷ் போடுங்கள், கழற்ற முடியாதவற்றின் மேல் டேப்.

தகரக்குருவி

குழுவில் பேசிவிட்டோம். போருக்குப் பிந்தைய காலத்து விமானமாகவே காட்டுவது என்று முடிவாயிற்று. சி தரத்தோடு ஆரம்பிக்கிறோம், முதலில் வாலுக்குப் பக்கத்தில் யாரும் கவனிக்காத ஒரே ஒரு தகட்டில் மட்டும். கண்ணாடிக் கட்சி இன்னும் முணுமுணுக்கிறது. கண்ணாடியாக்கினால் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு நெளிவும் பள்ளமும் தூரத்திலிருந்தே தெரியும் என்று ஒருவர் சொன்னதும்தான் கொஞ்சம் அடங்கினார்கள். அது உண்மைதானே?

சுழல்தலை

உண்மைதான். பழைய உடம்பில் நெளிவு இல்லாத தகடே இருக்காது, மங்கலாக இருக்கும்வரை அது கண்ணில் படாது. பிற்காலத்தில் மாற்றிய தகடுகளும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும், உருட்டிய திசை மாறியிருந்தால் ஒரே பாலிஷ்கூட வேறு சாயலில் நிற்கும். சி-யோடு நிறுத்தினால் இரண்டும் அடங்கியிருக்கும். அந்த ஒரு தகட்டை முடித்ததும் பாதியை மூடிவிட்டு நண்பகல் வெயிலில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், வளையத் தடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம்.